டில்லி அம்மனிடம் கேட்ட பூ

1

போன மாதம் விசா வாங்குவதற்காக ரயிலேறிப் பாரீசுக்குப் போனேன். பாகூரில் பிறந்தவன் பாகூருக்குப் போக விசா எதற்கு என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம். வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்கும் அந்தக் கேள்வி வருகிறது. ஆனால் என் கையில் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட். அப்பா பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர். தெருவில் எங்கள் வீட்டுக்குச் 'சொல்தா வீடு' என்றுதான் பெயர். வெள்ளைக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன பிறகு, அவர்களுடைய குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

இப்போது பிரான்சின் வடக்கே ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் எனக்கு வேலை. நோயாளிகளின் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், டாக்டர்களின் வெள்ளை அங்கிகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். வெளுத்து, உலர்த்தி, சூடான உருளையில் கொடுத்து, மடித்து அடுக்க வேண்டும். அங்கே பேச்சு அதிகம் தேவைப்படாது. எனக்கு அது வசதி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தமிழிலேயே நாலு பேர் முன்னால் பேச வராது. பிரெஞ்சில் கேட்கவே வேண்டாம்.

விசா அலுவலகத்துக் கவுண்டரில் ஒரு வடக்கத்தி இளைஞர் இருந்தார். எதற்காகப் போகிறீர்கள் என்று படிவத்தில் ஒரு கேள்வி. அதற்குக் கட்டங்கள் போட்டிருந்தார்கள். நான் உறவினரைப் பார்க்க என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

"உறவினர் கொடுத்த கடிதம் வேண்டும்" என்றார் அவர், நிதானமான பிரெஞ்சில். "நீங்கள் வருவதை எதிர்பார்க்கிறோம் என்று அவர்கள் எழுதியிருக்க வேண்டும்."

"கடிதம் இல்லை."

"அப்படியென்றால் சுற்றுலா என்று போடுங்கள். எந்த ஓட்டலில் தங்குகிறீர்கள் என்று எழுதினால் போதும்."

பாகூரில் ஓட்டல் என்றால் இட்லி சாப்பிடும் இடம். அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று நின்றேன். பின்னால் இருந்தவர் தொண்டையைச் செருமினார். புதிய படிவம் ஒன்றை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன். அது எங்கள் சமையலறை மேசையில் நாள்கணக்கில் அப்படியே கிடந்தது.

என்னை எதிர்பார்க்கிறேன் என்று எழுத வேண்டியவள் என் அக்கா அஞ்சலை. அவள் என்னோடு பேச்சை விட்டு நாலு வருடம் ஆகிறது. அது எப்படி ஆயிற்று என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். நான் சுற்றுலாப் பயணியாகப் போய் ஒரு மியூசியத்தைப் பார்த்ததில் ஆரம்பித்த விஷயம் அது.

2

அக்காவும் நானும் கடிதம் எழுதிக்கொள்வதில்லை. அவளுக்கு எழுதத் தெரியாது. டேப் ரிக்கார்டர் வந்த பிறகு கேசட்டில் பேசி, ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவோம். அக்காவின் கேசட் வந்தால் மனைவி வேணி சமையலைச் சீக்கிரம் முடித்துவிடுவாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேட்போம்.

நாலு வருடத்துக்கு முன் வந்த கேசட்டில் முதலில் ஒரு சேவல் கூவியது. அப்புறம் அக்கா.

"டேய் தம்பி, நல்லா கீறியா? வேணி நல்லா கீதா? குளுரு குளுருன்னு சொல்ற, ரெண்டு போர்வையா போத்திக்கிறதுதானே? கரும்பு வெட்டு முடிஞ்சிது. ஏழுமலைதான் ராவும் பகலும் கெடந்தான். அவனுக்கும் வயசு ஆவுதுடா. எத்தினியோ எடத்துல கேக்கறாங்க, நான் வாயத் தெறக்கல. வசந்தி எங்க வூட்டுக்கு வரவேண்டிய பொண்ணு. அம்மாவுக்குக் கொள்ளி வெச்ச கை அவன் கை. நீ மறந்திருக்க மாட்ட. வசந்தியக் கூட்டிக்கினு வா. நம்ம அம்மன் கிட்ட பூ கேட்டு முடிச்சிட்டுப் போ."

பிறகு அக்கா யாரையோ அதட்டுவது கேட்டது. "பேசுடா, சும்மா நிக்கிற." ஓர் ஆண் குரல் வந்தது. "வசந்தி, நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன்." அவ்வளவுதான். கேசட் வெறுமனே ஓடியது.

ஏழுமலை அக்காவின் ஒரே மகன். அக்காவின் வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே போய்விட்டார். என் அம்மாவைக் கடைசிவரை வைத்துக்கொண்டவள் அக்காதான். அம்மா செத்தபோது எனக்கு வந்த தந்தியில் தெருப் பெயர் தப்பாக இருந்ததால் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தது. நான் அதைப் பிரித்தபோது ஊரில் கருமாதி முடிந்துவிட்டது. நான் நிற்க வேண்டிய இடத்தில் மீசை முளைக்காத ஏழுமலை மொட்டை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். அன்றிலிருந்து அக்கா எதைக் கேட்டாலும் எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது.

எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண் என்றால் எங்கிருந்தெல்லாமோ வந்து கேட்பார்கள். கட்டிக்கொண்டால் மாப்பிள்ளையும் விமானம் ஏறலாம். அக்கா அதற்காகக் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அது அவள் மனதில் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது.

கேசட் ஓடியபோது வசந்தியும் மேசையில்தான் இருந்தாள். ஐந்து வயதில் இங்கே வந்தவள். அப்போது நர்சுப் படிப்பின் கடைசி வருடம். கேசட் முடிந்ததும் எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவின தட்டுகளையே மறுபடியும் கழுவினாள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இப்படித்தான். குளிருக்கு என்ன வாங்க வேண்டும், தபால்காரன் என்ன கொண்டுவந்தான் என்பதெல்லாம் பேசுவோம். வசந்தி பாதி தமிழிலும் பாதி பிரெஞ்சிலும் பதில் சொல்வாள். மனதில் இருப்பதைப் பேச வேண்டும் என்றால் எங்களிடம் பிரெஞ்சு போதாது, அவளிடம் தமிழ் போதாது. அப்படியே விட்டுவிடுவோம்.

ஊருக்குப் போவது என்று முடிவானபோது வேணிக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் வசந்தியும் மட்டும் போவதாக ஆயிற்று. பெட்டி கட்டிக்கொண்டே வேணி சொன்னாள்:

"வழியிலயே கேட்டுடு. ஊருக்குப் போயி கேக்காத. உங்க அக்கா எதிர்ல அது வாயத் தெறக்காது. தெறக்கலன்னா சம்மதம்னு எடுத்துக்குவாங்க."

"நீ கேளேன்."

"நான் கேட்டேன். 'நைனா கேக்கட்டும்'னு சொல்லிச்சி."

3

தனி டிக்கெட்டைவிடக் கூட்டத்தோடு போகிற டிக்கெட் மலிவு. அதனால் ஒரு சுற்றுலாக் கம்பெனியின் கும்பலில் சேர்ந்துகொண்டோம். டில்லியில் ஓட்டல், ஊர் சுற்றிக் காட்டுவது எல்லாம் அதில் சேர்த்தி. பிறகு நாங்கள் பிரிந்து ரயிலில் மெட்ராஸ் போய்விடலாம். விசாவிலும் சுற்றுலா என்றே முத்திரை. அப்போது அதைப் பார்த்து நானும் வேணியும் சிரித்தோம்.

ஓட்டல் வாசலில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் எல்லாருக்கும் பொட்டு வைத்து மாலை போட்டாள். சம்பங்கி மாலை, நடுநடுவே சிவப்பு ரோஜா. எங்கள் கூட்டத்தில் எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுக்குப் போட்டது போலவே எனக்கும் போட்டு ஏதோ ஆங்கிலத்தில் வரவேற்றாள். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைக்குக் கழுத்து நிறைய மாலை விழுவது கல்யாணத்தில், பிறகு சாவில். எனக்குக் கூச்சமாக இருந்தது. மற்றவர்கள் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். எனக்குப் பூவை அப்படிப் போட மனம் வரவில்லை. மடித்துத் தோள்பையில் வைத்துக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு நைனா? வாடிப் பூடும்" என்றாள் வசந்தி.

"இருக்கட்டும்."

ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டில்லி முழுக்கப் பாலம் கட்டிக்கொண்டிருந்த நேரம். எங்கே பார்த்தாலும் தூசி. பஸ்ஸில் கோட்டையைக் காட்டினார்கள், ஒரு மசூதியைக் காட்டினார்கள். நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்பதிலேயே இருந்தேன். காலையில் ரொட்டி தின்னும்போது கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவள் ஜாம் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதோடு என் பேச்சு முடிந்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்கு இடம் விட்டாள். அப்போதும் வாய் வரவில்லை. மறுநாள் ரயில், அதன் பிறகு மெட்ராஸ், அதன் பிறகு அக்கா.

4

கடைசியாக ஒரு பெரிய மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். நாட்டில் எங்கெங்கோ இருந்த சிலைகளை எல்லாம் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சிலைகளுக்கு மேலே விளக்கு, பக்கத்தில் பெயர் எழுதிய அட்டை. எங்களோடு வந்த வழிகாட்டி பிரெஞ்சு நன்றாகப் பேசினார்.

ஒரு மண்டபத்தின் ஓரத்தில் அம்மன் இருந்தாள். கருங்கல், ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த கோலம். வசந்தி குனிந்து அட்டையைப் படித்தாள்.

"தமிழ்நாடாம் நைனா. சோழர் காலமாம். எந்த ஊருன்னு போடல."

எனக்கு முதலில் பட்டது, அவள் உடம்பில் ஒரு துணி இல்லை என்பதுதான். எங்கள் அம்மனை நான் புடவை இல்லாமல் பார்த்ததே கிடையாது. அபிஷேகம் செய்யும்போது பூசாரி திரை போட்டுவிடுவார். திரை விலகும்போது புடவையும் எலுமிச்சை மாலையும் வேப்பிலையும் இருக்கும், நடுவில் இரண்டு வெள்ளிக் கண்கள். உள்ளே கல் எப்படி இருக்கும் என்று யோசித்ததுகூட இல்லை. இங்கே வழிகாட்டி அவள் இடுப்பையும் மார்பையும் கையால் காட்டி, சிற்பியின் திறமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் நிற்கிறாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். நாள் முழுக்க ஊரார் துணியை மடிக்கிறவன், இவளுக்குப் போர்த்த ஒரு துண்டு என் கையில் இல்லையே என்றிருந்தது.

கூட்டத்தில் ஒரு வயதான அம்மாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "நீங்கள் இதைக் கும்பிடுவீர்களா?"

"புடவை கட்டியிருந்தால்" என்றேன். நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்து அவர் சிரித்தார்.

கூட்டம் அடுத்த அறைக்குப் போயிற்று. வசந்தி கொஞ்சம் தள்ளி நின்று வேறொரு அட்டையைப் படித்தாள். அம்மன் முன்னால் நான் மட்டும் நின்றேன். அப்போதுதான் பையில் இருந்த மாலை நினைவுக்கு வந்தது.

பூ கேட்பது என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன் அம்மனிடம் உத்தரவு கேட்பார்கள். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக, அடையாளம் தெரியாமல் ஒரே மாதிரி மடித்து அவள் காலடியில் போடுவார்கள். விஷயம் என்னவென்று தெரியாத யாராவது ஒருவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். ஒரு காரியத்துக்கு ஒரு முறைதான் கேட்கலாம். மறுபடி கேட்டால் அவள் சொன்னதை நம்பவில்லை என்று ஆகும்.

மகளிடம் கேட்க முடியாதவன் அம்மனிடம் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். சுற்றுலாக் கம்பெனி கொடுத்த தாளை இரண்டாகக் கிழித்தேன். ஒன்றில் ஒரு சம்பங்கி, ஒன்றில் ஒரு ரோஜா இதழ். மடித்து, முதுகுக்குப் பின்னால் கையில் வைத்து எது எது என்று எனக்கே தெரியாதபடி குலுக்கினேன். அவள் பெயர் தெரியவில்லை. தாயே என்று மட்டும் சொல்லி, ஏழுமலைக்குக் கொடுக்கலாமா என்று மனதுக்குள் கேட்டு, பீடத்தில் போட்டேன்.

போட்ட பிறகுதான் தெரிந்தது, எடுக்க ஆள் வேண்டும். யாரைக் கூப்பிடுவது? எந்த மொழியில் கூப்பிடுவது? ஒரு குடும்பம் கடந்து போயிற்று. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பொட்டலங்களை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளவும் கை வரவில்லை. அவளிடம் கேட்டாகிவிட்டதே.

"ஏய்" என்று ஒரு குரல் அதட்டியது. காக்கிச் சட்டை போட்ட காவலாளி, என்னைவிட மூத்தவர், நரைத்த மீசை. இந்தியில் கோபமாக ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார். குப்பை போட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். வசந்தி ஓடிவந்து ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். அவர் இரண்டு பொட்டலங்களையும் எடுத்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அம்மனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபம் போய்விட்டது.

அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினார். இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒன்றைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மற்றதை வசந்தியிடம் நீட்டினார்.

"பிரசாத்" என்றார்.

அந்த மனிதருக்கு விஷயம் தெரியாது. வழக்கம் கேட்கிற மாதிரியே நடந்துவிட்டது. குறை சொல்ல ஓர் இடமில்லை.

வசந்தி பிரித்தாள். சம்பங்கி. கொஞ்சம் வாடியிருந்தது. அவள் அதைக் காதோரம் முடியில் செருகிக்கொண்டு காவலாளியைப் பார்த்துச் சிரித்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். அம்மனே கொடுத்துவிட்டாள், இனி நான் யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஆனால் அந்த வெள்ளையைப் பார்த்த பிறகுதான், நான் சிவப்புக்காகக் காத்திருந்தேன் என்பது எனக்குத் தெரிந்தது. சிவப்பு வந்திருந்தால் அக்காவிடம், அம்மன் வேண்டாம் என்றாள் என்று சொல்லி அவள் மடியில் படுத்துத் தூங்கியிருப்பேன்.

5

ரயிலில் முதல் நாள் முழுக்க நான் பேசவில்லை. நாக்பூரில் வசந்தி ஆரஞ்சு வாங்கினாள். உரித்துச் சுளையை என் கையில் வைத்தாள். பூ இன்னும் அவள் தலையில் இருந்தது, பழுப்பேறி. அதைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை.

"அத எடுத்துடு" என்றேன்.

"எத?"

"பூவ."

"ஏன்? அந்தத் தாத்தா குடுத்ததுதானே?"

அப்போது சொன்னேன். ஆரஞ்சுத் தோலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைக்கு என்ன அர்த்தம், சிவப்புக்கு என்ன அர்த்தம், எதற்காகக் கேட்டேன் என்று. அவள் முதலில் சிரித்தாள்.

"தமிழ்லியா கேட்ட?"

"ஆமா."

"அது ஊர வுட்டு வந்து எத்தினி வருசம் ஆச்சோ. அங்க எல்லாம் இந்திதான் பேசறாங்க. அதுக்குத் தமிழ் மறந்திருக்கும் நைனா."

நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம்.

"நீ இன்னா சொல்ற?" என்று கேட்டேன். வேணி சொன்ன கேள்வி, வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த கேள்வி, அங்கே வந்து விழுந்தது.

அவள் பிரெஞ்சில் ஆரம்பித்து, நிறுத்தி, தமிழுக்கு மாறினாள். எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னாள்.

"ஏழுமலை மாமாவ நான் பாத்தது அஞ்சு வயசுல. கேசட்டுல 'நல்லா இருக்கியா, நான் நல்லா இருக்கேன்'னு சொன்னாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். அவருக்கும் என்னப் பத்தி அவ்ளோதான் தெரியும். எனக்கு வேணாம் நைனா."

"அம்மன் குடுத்துடுச்சே."

"நீ கேட்டதுக்குக் குடுத்திச்சி. எனக்கு ஒரு பூவுதான் வந்துச்சி. தலையில வெச்சிக்கினேன்."

சொல்லிவிட்டுப் பூவை எடுத்தாள். வெளியே எறிவாள் என்று நினைத்தேன். கைக்குட்டையில் வைத்து முடிந்து என்னிடம் கொடுத்தாள்.

6

புதுச்சேரியில் பஸ் மாறித் தவளக்குப்பம் தாண்டும்போதே எனக்கு வியர்த்துவிட்டது. அக்கா எங்கள் பஸ்ஸுக்காக ஏரிக்கரை நிறுத்தத்தில் நின்றிருந்தாள். வசந்தியின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, திருஷ்டி கழியத் தன் நெற்றிப் பொட்டில் விரல்களை நெரித்தாள். "வணக்கம் அத்தை" என்றாள் வசந்தி, மனப்பாடம் செய்து வைத்திருந்த மாதிரி. "இன்னாடி, ஓட்டுக் கேக்க வந்தவ மாரி வணக்கம் போடற" என்று அக்கா சிரித்தாள். வழியெல்லாம் அவள் சிரிப்புதான்.

சாப்பாடு ஆயிற்று. ஏழுமலை இளநீர் வெட்டிக் கொண்டுவந்தான். நல்ல பிள்ளை. வசந்தியிடம் நீட்டும்போது எங்கோ பார்த்துக்கொண்டு நீட்டினான். கூச்சத்தில் அவன் என்னை மாதிரி.

"வெள்ளிக்கெழம பூசாரிய வரச் சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. "அம்மனுக்குப் புதுப் பொடவை எடுத்து வெச்சிருக்கேன். பூ கேட்டுட்டா கையோட தட்டு மாத்திக்கலாம்."

அங்கே எனக்கு ஒரு வழி இருந்தது. டில்லியில் நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை மறுபடி கேட்பார்கள். சிவப்பு வந்தாலும் வரலாம். வந்தால் யாருக்கும் யார்மேலும் வருத்தம் இல்லை. வசந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது.

ஆனால் வெள்ளை வந்தால்? வந்த பிறகு ஊர் கூடி நிற்கும் கோயிலில் அவள் வாய் திறப்பாளா, நான் திறப்பேனா?

"பூ கேட்டாச்சிக்கா" என்றேன்.

"எங்கடா?"

"டில்லில."

"டில்லில எந்தக் கோயிலு?"

"கோயில் இல்ல. மியூசியம். நம்ம பக்கத்து அம்மன் ஒண்ணு கீது."

அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். கிண்டல் செய்கிறேனா என்று பார்த்திருப்பாள். நான் கிண்டல் செய்கிறவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"இன்னா குடுத்திச்சி?"

"வெள்ளை."

அக்கா எழுந்துவிட்டாள். கையைத் தலைக்கு மேல் குவித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வாசல் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இரு. வசந்தி வேணாங்குது." மூச்சை இழுத்துக்கொண்டு மீதியையும் சொன்னேன். "நானும் வேணாங்கறேன்."

அப்படி ஒரு வார்த்தையை என் வாழ்நாளில் அவளிடம் சொன்னதில்லை. ஏழுமலை அரிவாளைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். "வுடும்மா" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கமாகப் போய்விட்டான்.

அக்கா உட்கார்ந்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"செவப்பு வந்துச்சின்னு சொல்லியிருக்கலாமேடா" என்றாள். "அம்மன் உத்தரவு இல்லன்னு நானும் கம்முனு இருந்திருப்பேன். எம் புள்ளையும் தலை நிமுந்து போவான். இப்போ அம்மன் குடுத்தும் மாமன் குடுக்கலன்னு ஆயிப்போச்சே. நான் எந்த மொகத்த வெச்சிக்கினு கோயிலுக்குப் போவேன்?"

"எங்கம்மாவுக்குக் கொள்ளி வைக்க வரல. இப்போ வந்து நெருப்பு வெச்சிட்டுப் போற" என்றாள். பிறகு வசந்தியின் தட்டில் மீதி இருந்த சோற்றைப் பார்த்து, "சாப்புடுடி, சோறு இன்னா பண்ணிச்சி" என்றாள்.

மறுநாள் காலையில் நாங்கள் கிளம்பினோம். பஸ் நிறுத்தத்துக்கு அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமை அந்தப் புதுப்புடவையை அம்மனுக்குச் சாத்தினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

7

அதன் பிறகு கேசட் வரவில்லை. நான் பேசி அனுப்பினேன். கொண்டுபோனவர்கள், "கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள்" என்று சொன்னார்கள். ஏழுமலைக்குக் கரையாம்புத்தூரில் பெண் எடுத்ததைக் கேள்விப்பட்டேன். தாய்மாமன் இடத்தில் யார் நின்றார்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

வசந்தி இப்போது வேறு ஊர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள். மாதம் ஒருமுறை வருவாள். தமிழ் இன்னும் குறைந்துவிட்டது. எனக்கும் அவளுக்கும் நடுவில் மனம் விட்டுப் பேசிய பேச்சு என்றால் நாக்பூர் பேச்சுதான். அப்படி இன்னொன்று அமையவில்லை. அவள் அன்று சொன்ன சொல்லுக்காக நான் அக்காவை விட்டுவிட்டு வந்தேன் என்பது அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். கேட்டதில்லை.

சலவைக் கூடத்தில் வெள்ளை விரிப்புகளை மடிக்கும்போது சில நாள் அக்கா சொன்னது நினைவுக்கு வரும். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம். அது யாருக்கும் தெரிந்திருக்காது. சிவப்புப் பொட்டலம் டில்லிக் காவலாளியின் சட்டைப் பையில் இருந்ததே, அதை எனக்கு வந்ததாகச் சொல்வதில் என்ன இருந்தது? நான் செய்தது சரி என்று நினைக்கும் நாளும் உண்டு. அக்கா கேட்டது சரி என்று நினைக்கும் நாள்தான் அதிகம்.

இரண்டு மாதத்துக்கு முன் பூரணாங்குப்பத்துக்காரர் ஒருவர் ஊருக்குப் போய்விட்டு வந்தார். அக்காவுக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டதாம், மற்றதும் மங்கலாம். பிரான்சிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும், "என் தம்பி கீறானா?" என்று கேட்டாளாம். இருக்கிறார் என்றதும் வேறு ஒன்றும் கேட்கவில்லையாம்.

நேற்று மறுபடி பாரீசுக்குப் போனேன். வேணி எழுந்து டிபன் கட்டிக் கொடுத்தாள். அதே கவுண்டர், அதே இளைஞர். சுற்றுலா என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தேன். தங்கும் இடம் என்று கேட்டிருந்த வரியில், எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எழுத்தில், அஞ்சலை என்றும், தெருவின் பெயரும், பாகூர், புதுச்சேரி என்றும் எழுதியிருந்தேன்.

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "அன்ஜாலே. இது ஓட்டலா?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"இடம் உண்டா என்று கேட்டுவிட்டீர்களா?"

"இன்னும் கேட்கவில்லை" என்றேன்.

அவர் முத்திரையை எடுத்தார்.